பரம்பரைக் கொல்லன் கும்மிடிப்பூண்டி போன கதை

தென்காசிக்காரனுக்குக் கும்மிடிப்பூண்டி வெளிநாடுதான். பாஸ்போர்ட் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தூரம் இருக்கிறது, பேச்சு வேறு, சாப்பாடு வேறு, இறங்கியதும் எந்தப் பக்கம் போவது என்று முழிக்கவும் வேண்டியிருக்கிறது. முழிப்பதில் எனக்கு உள்ளூரிலேயே நல்ல பயிற்சி உண்டு என்பதால் சமாளித்தேன்.

அனுப்பியது என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் அக்கா சண்முகவடிவு. அக்காவின் மகள் முத்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பைக் காய்ச்சி அடித்து லாரிப் பாகங்கள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். அங்கேயே சம்மட்டி இயந்திரம் ஓட்டுகிற தானியேலைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒரு நாள் போனில் சொல்லிவிட்டாள். அக்காவுக்கு இரண்டு ஆட்சேபணை.

"அவன் நம்ம ஆளு இல்ல. அது ஒண்ணு. இன்னொண்ணு, உலைக்களத்த விட்டு வெளிய வர நம்ம குடும்பத்துக்கு மூணு தலைமுறை ஆச்சுல. அப்பா நெஞ்சு பூரா தீப்பொறி பட்ட தழும்பு. இவ திரும்ப அங்கனயே போயி விழணுமாக்கும்?"

இரண்டு மாதம் அம்மாவும் மகளும் போனில் மோதினார்கள். கடைசியில் முத்து, "மாமா வந்து பாக்கட்டும். பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா நான் அந்தப் பேச்சையே எடுக்கல" என்றாள். அக்காவும் ஒத்துக்கொண்டாள். இரண்டு தரப்பும் ஒரே நடுவருக்குச் சம்மதித்ததில் எனக்குப் பெருமைதான். அவரை எளிதாக வளைத்துவிடலாம் என்று இரண்டு தரப்புமே நம்பியதுதான் காரணம் என்பது பிறகு புரிந்தது.

"ரெண்டு நாள் இருந்துட்டு, சரிப்படாதுன்னு சொல்லிட்டு வா. உனக்கு வேற ஒண்ணும் வேலையில்ல" என்று சொல்லி, ஒரு டப்பா முந்திரிக்கொத்து உருண்டையோடு வண்டியேற்றினாள் அக்கா.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். நான் பரம்பரைக் கொல்லன். அப்பா, தாத்தா, அவருடைய அப்பா எல்லோரும் உலை ஊதியவர்கள். நான் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். வாழ்நாளில் நான் தூக்கிய கனமான இரும்பு கடையின் ஷட்டர். அதையும் பாதிக்கு மேல் பக்கத்து டீக்கடைக்காரர்தான் தூக்குவார்.

முதல் நாள் சென்னையில் புறநகர் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து, எதிரே காலிப் பால் கேனைக் காலிடுக்கில் வைத்திருந்தவர் பேச்சுக் கொடுத்தார்.

"எங்க போவணும் சார்?"

"கும்மிடிப்பூண்டி."

"கும்மிடிபூண்டியா! இது அரக்கோணம் வண்டி சார். எவ்ளோ நேரமா ஜாலியா வேடிக்கை பாத்துக்கினு வர!" அவர் பெட்டி முழுவதையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். "தோ பாருங்கப்பா, கும்மிடிபூண்டி போறவரு திருவள்ளூரத் தாண்டி வந்துக்கினு கீறாரு!"

பெட்டி சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். தனியாக அழுவதைவிட அது மேல். எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னேன்.

"திருநெல்வேலி பக்கமா? பையில அருவா கீதா?"

பையில் அக்கா செய்த முந்திரிக்கொத்துதான் இருந்தது. அதுவும் ஆயுதக் கணக்கில் வரக்கூடியதுதான். ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். கொஞ்ச நேரம் பெட்டியில் பேச்சே இல்லை, கடிக்கிற சத்தம் மட்டும். பால்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டே என்னைக் கடம்பத்தூரில் இறக்கிவிட்டார். "அவசரப்படாத சார். ஒரு டீ குட்ச்சிட்டு எதிர்ல வர வண்டில திரும்பிப் போ."

குடித்தேன். ஸ்டேஷனுக்கு அப்பால் நெல்வயல் பச்சையாகக் கிடந்தது. எங்கள் ஊர் வயலுக்குப் பின்னால் மலை இருக்கும். இங்கே வயலுக்குப் பின்னால் வயல், அதற்குப் பின்னால் வானம். சுவர் இல்லாத வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கும்மிடிப்பூண்டிக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம். ஸ்டேஷனில் முத்து நான்கு மணி நேரமாகக் காத்திருந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. நடுவரைத் திட்டக் கூடாது என்று தெரிந்த பெண்.

டீக்கடையில் ஒரு விஷயம் கவனித்தேன். டீ வந்ததும் முத்து கண்ணாடி டம்ளரை எடுக்காமல், புறங்கையை அதன் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு கணம் வைத்தாள். பிறகுதான் எடுத்து என்னிடம் கொடுத்தாள். டம்ளருக்கு என்ன காய்ச்சலா என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு ஆந்திரா மெஸ்ஸில். பருப்புப்பொடியும் நெய்யும் போட்ட முதல் கவளத்திலேயே ஆந்திர எல்லை எவ்வளவு பக்கம் என்று புரிந்துவிட்டது. கண்ணில் நீர் வழிய இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். பரிமாறியவர், "டப்பு குடுத்து அழுவறதுன்னா இதான் நைனா" என்றார்.

இரண்டாம் நாள் காலை தானியேலே என் லாட்ஜ் அறைக்கு வந்தான். "நாஷ்டா ஆச்சா அங்கிள்?" என்பதுதான் அவன் முதல் வார்த்தை. முப்பது வயது இருக்கும். ஒல்லி. சம்மட்டி வேலைக்காரன் என்றதும் நான் கற்பனை செய்திருந்த தோள்களில் பாதிகூட இல்லை. ஒரு புருவம் மட்டும் பாதி கருகியிருந்தது. மற்றபடி பார்க்க லட்சணம். எனக்குக் கவலையாகிவிட்டது. குறை சொல்ல வந்தவனுக்கு ஒரு புருவம்தானா கிடைக்க வேண்டும்?

தொழிற்சாலை வாசலில் காவலாளி என் செருப்பைப் பார்த்துத் தலையாட்டினார். பாதுகாப்பு ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். பார்வையாளருக்கென்று இருந்தது பத்தாம் நம்பர். என் கால் ஏழு. இரண்டு படகுகளில் ஏறி நிற்பது போல நடந்தேன்.

நடக்க நடக்கச் சிரிப்பு வந்தது. கொங்கு நாட்டுப் பழைய கல்வெட்டுகளில், எங்களைப் போன்ற கம்மாளர்கள் இனிமேல் செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுக்குக் காரை பூசிக்கொள்ளலாம், நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம் என்று ராஜா சலுகை கொடுத்ததாக இருக்கிறது. ராஜாவின் வாளையும், கோயில் கட்டிய சிற்பியின் உளியையும், ஊருக்கே சோறு போட்ட ஏர்க்கொழுவையும் அடித்துக் கொடுத்தவன், காலில் செருப்பு மாட்ட எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அவன் பேரன் இன்று செருப்போடு வந்தால், இது போதாது, ஷூ போடு என்கிறார்கள். நம் குலத்துக்கும் காலுக்கும் ஆகவே ஆகாது போலிருக்கிறது.

உள்ளே மேனேஜர் கைகுலுக்கினார். "நீங்க பரம்பரை கொல்லராமே? முத்து சொன்னாங்க. எங்க ஷாப்ப பாத்துட்டு உங்க ஒப்பீனியன் சொல்லணும் சார்." முத்து என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை உள்ளே அழைத்துவர அவள் சொன்ன பொய் அது. பொய்கூட இல்லை, பிறப்புச் சான்றிதழ்ப்படி உண்மை. நான் தாடையைத் தடவிக்கொண்டு, "பாக்கலாம்" என்றேன்.

உலையிலிருந்து இரும்புக் கட்டிகள் ஆரஞ்சுப் பழம் போல உருண்டு வந்தன. ஒருவர் இடுக்கியால் பிடித்து அச்சின் மேல் வைக்க, தானியேல் மிதியை அழுத்தினான். சம்மட்டி இறங்கியது. தரை வழியாக அந்த அடி என் பத்தாம் நம்பர் ஷூவுக்குள் வந்து, பல் வரைக்கும் ஏறியது. அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது. இடுக்கிக்காரர் தலையை லேசாகச் சாய்த்தால் ஓர் அடி. கண்ணை மூடித் திறந்தால் மெதுவான அடி. இடுக்கியால் அச்சின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் நிறுத்து.

அந்த இரண்டு தட்டு எனக்குத் தெரியும். அப்பா சின்னச் சுத்தியலால் அடிக்க வேண்டிய இடத்தைக் காட்டுவார், எதிரே நிற்பவர் சம்மட்டியை அங்கே இறக்குவார். போதும் என்றால் அப்பா பட்டறைக்கல்லில் இரண்டு தட்டுவார். வீட்டுக்குள்ளும் அதே பழக்கம். சாப்பாடு போதும் என்றால் தட்டில் இரண்டு தட்டு. தென்காசியில் நின்றுபோன ஒரு பாஷையை, ஒடிசாவிலிருந்து வந்த அந்த இடுக்கிக்காரரும் தானியேலும் இங்கே சரளமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பருப்புப்பொடியாகவும் இருக்கலாம்.

அந்த உருக்கத்தில்தான் தப்பு நடந்தது. ஓரமாக ஒரு தட்டில் அடித்து முடித்த பாகங்கள் கறுப்பாக, சாதுவாகக் கிடந்தன. மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிபுணன் ஒருவன் இந்த இடத்தில் என்ன செய்வான்? ஒன்றை எடுத்து உருட்டிப் பார்ப்பான். எடுத்தேன்.

நான் போட்ட கூச்சல் அந்தச் சம்மட்டிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டதாம்.

சிவப்பாக இருக்கும் இரும்பை யாரும் தொட மாட்டார்கள். கறுத்துப்போன இரும்புதான் கையைப் பொசுக்கும். எதையும் எடுப்பதற்கு முன்னால் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார். இது உலைக்களத்தில் தவழுகிற பிள்ளைக்குத் தெரிந்த முதல் பாடம். அப்பா ஆயிரம் தடவை சொன்னது. நாலாம் தலைமுறைக் கொல்லனுக்கு அது கை வெந்த பிறகு ஞாபகம் வந்தது. டீ டம்ளருக்கு முத்து ஏன் காய்ச்சல் பார்த்தாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

தானியேல் ஓடிவந்து என் கையைக் குழாய்க்கு அடியில் பிடித்தான். கால் மணி நேரம் விடவில்லை. சிரிக்கவும் இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரிப்பதற்காகத் திரும்பி நின்றுகொண்டார்கள். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

"நானும் மொத மாசம் புட்ச்சேன் அங்கிள்" என்றான். "இங்க எல்லாரும் ஒரு தபா புடிப்பாங்க. ரெண்டாவது தபா புட்ச்சாதான் அசிங்கம்."

"ஒனக்கு யாருப்பா இந்த வேலையக் கத்துக்குடுத்தது?"

"இன்னா சொல்றது, கைதான். சுட்டுச் சுட்டு அதுவே கத்துக்கிச்சி."

மேனேஜர் என் கருத்தைப் பிறகு கேட்கவேயில்லை.

மூன்றாம் நாள், கையில் கட்டோடு, தானியேலின் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினோம். எங்கே என்று கேட்டேன். "கடம்பத்தூர் பக்கம்" என்றான். முதல் நாளே கடவுள் என்னைச் சரியான இடத்தில் இறக்கிவிட்டிருக்கிறார்; நான்தான் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

எலிசாம்மா வாசலிலேயே நின்றிருந்தார். என் வயதுதான். காலமெல்லாம் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் மகனைப் படிக்கவைத்தவர். அறுப்பு மெஷின் வந்த பிறகு இரண்டு ஆடு வளர்க்கிறார். காலனி வீட்டின் ஒரே நாற்காலியில் என்னை உட்காரவைத்து, "வாங்கண்ணா, கைக்கு இன்னாச்சி?" என்றார். தானியேல் என்னைக் காப்பாற்றப் பார்த்தான். முத்து முழுக் கதையையும் நடித்தே காட்டிவிட்டாள், கூச்சல் உட்பட.

சாப்பாட்டுக்கு மீன் குழம்பு. எங்கள் வீடு சுத்த சைவம் என்று ஊருக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். பூணூல் போட்ட கம்மாளர் என்ற கெத்து. தென்காசியில் சில ஹோட்டல்காரர்களுக்கு மட்டும் என்னைப் பற்றி வேறு தகவல் உண்டு. வலது கையில் கட்டு. இடது கையில் ஸ்பூன். ஸ்பூனால் மீன் முள் எடுப்பதை எலிசாம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தட்டை வாங்கி, முள்ளையெல்லாம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் உள்ளே போய் ஒரு கதிர் அரிவாளோடு வந்தார்.

"கொல்லரு ஊட்டு ஆளுன்னு முத்து சொல்லுச்சி. மொக்கையாப் போச்சிண்ணா, ஆட்டுக்குப் புல்லு கூட அறுக்க மாட்டேங்குது. இவன கேட்டா லீவுல கூட இரும்பாம்மான்னு ஓடறான். நீங்க கொஞ்சம் தீட்டிக் குடுங்களேன்."

சொல்லிக்கொண்டே அரிவாளை என் காலடியில் தரையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றார்.

தானியேல் அம்மாவைப் பார்த்தான். எலிசாம்மாவுக்கே அப்போதுதான் உறைத்தது. "தோ பாரு!" என்று தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "கொல்லருன்னு சொன்னதும் காலு தானா பின்னால போவுது."

"அப்படின்னா?" என்றேன்.

"எங்க ஊருல கொல்லரு பட்டறை வாசல்ல ஒரு கல்லு கெடக்கும்ணா. எங்க காலனிக்காரங்க அருவாள அது மேல வெச்சிட்டுத் தள்ளிப் போயிடணும். அவரு செம்புத் தண்ணிய அது மேல தெளிச்சிட்டு எடுத்துப்பாரு. தீட்டி முட்ச்சி திரும்ப கல்லு மேலயே வெப்பாரு. மோசமான ஆளு இல்லண்ணா, நல்லாத்தான் பேசுவாரு. கையில மட்டும் வாங்க மாட்டாரு. எனக்கு அப்ப எட்டு வயசு. நெருப்புல போடப் போற இரும்புக்கு எதுக்குய்யா தண்ணின்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும். கேட்டதில்ல."

எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு கல் கிடக்கிறது. அப்பாவின் பட்டறை போன பிறகும் அது மட்டும் போகவில்லை. சதுரமாக, முட்டளவு உயரம். அதில் உட்கார்ந்து நான் பனங்கிழங்கு தின்றிருக்கிறேன், செருப்பு மாட்டியிருக்கிறேன். அது எதற்காக அங்கே கிடக்கிறது என்று ஐம்பது வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்பா எத்தனையோ கதை சொல்லுவார். களத்துமேட்டில் பண்ணையார் வீட்டுக் கூலிக் கதிருக்காகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கவைக்கப்பட்ட கதையைக் குரல் நடுங்கச் சொல்லுவார். கல்லைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"கையில குடுங்கம்மா" என்று இடது கையை நீட்டினேன். குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

தீட்டினேன். அதாவது, துணி துவைக்கிற கல்லில் இடது கையால் அரை மணி நேரம் அந்த அரிவாளைக் கொடுமைப்படுத்தினேன். எலிசாம்மா கட்டைவிரல் நகத்தில் கூர் பார்த்தார். "வாழப்பழம் அறுக்கலாம்ணா. நல்லாப் பழுத்துதா இருக்கணும்." அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். தானியேல் என்னிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான். நாலு இழுப்பு, திருப்பி நாலு இழுப்பு. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். அப்பா ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பாரே, அதே மாதிரி. பார்த்துவிட்டு, தன்னையறியாமல் கல்லில் இரண்டு தட்டுத் தட்டினான்.

கிளம்பும்போது எலிசாம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணம்னு ஆனா, நான் உங்க ஊட்டுக்குள்ள வரலாமா? இல்ல மண்டபத்தோட நின்னுக்கணுமா? இப்பவே சொல்லிட்டீங்கன்னா எனக்குப் பேஜாரு இல்ல. அதுக்கு ஏத்த மாதிரி மனச வெச்சிப்பேன்."

"அக்காட்ட கேட்டுச் சொல்லுதேம்மா" என்றேன். அந்தப் பதிலின் அசிங்கம் ரயில் ஏறிய பிறகும் விடவில்லை. கை எரிச்சலாவது மதுரையில் குறைந்தது.

தென்காசியில் சாரல். அக்கா என் கட்டைப் பார்த்துப் பதறி, பிறகு காரணத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னல, சரிப்படாதுன்னு சொல்லிட்டியா?"

நான் அரக்கோணம் வண்டியிலிருந்து ஆரம்பித்தேன். சம்மட்டியில் கவனமாகக் கேட்டாள். இரண்டு தட்டில், "அப்பா மாதிரியா?" என்றாள். அரிவாளைத் தரையில் வைத்த இடம் வந்ததும் அவள் கேட்பதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்க ஆரம்பித்தாள். எலிசாம்மா கடைசியாகக் கேட்டதையும் சொல்லி முடித்தேன்.

வாசலிலிருந்து கண்ணை எடுக்காமலே அக்கா சொன்னாள்: "அந்தத் தண்ணிச் செம்ப அப்பாட்ட எடுத்துக் குடுக்கது நான்தாம்ல. ஏழு எட்டு வயசிருக்கும். வெளிய யாராச்சும் கொல்லரேன்னு கூப்பிட்டா, அப்பா சொல்லாமலே செம்ப எடுத்துட்டு ஓடுவேன். சமத்துப் பிள்ளைன்னு பேரு எனக்கு."

முத்துவைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவில்லை. அக்கா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வாசலில் ணங் ணங் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், சாரலில் நனைந்தபடி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா அந்தக் கல்லுக்கு அடியில் கடப்பாரையைப் போட்டு நெம்பிக்கொண்டிருக்கிறாள். அப்பா அடித்த கடப்பாரை. கல் ஒரு பக்கம் அரை விரற்கடை தூக்கியிருந்தது.

"என்னல வேடிக்க பாக்கே? வந்து தள்ளு."

"கை புண்ணாயிருக்குக்கா."

"இன்னொரு கை இருக்குல்லா?"

இருந்தது. தோளையும் சேர்த்துக் கொடுத்துத் தள்ளினேன். அசைந்தது.

"எங்கக்கா கொண்டு போட?"

"எங்கயாச்சும் போடு. அந்த அம்மா வாரப்ப வாசல்ல கிடக்கப்பிடாது."